கொழும்பும் திருகோணமலையும் பூச்சியம்: திறக்காத இரண்டு கோப்புகளைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபார நிலையம். பெயர் வேண்டாம். கீழே பருப்பு, சீனி, செத்தல் மிளகாய் மூட்டைகள். மேல்மாடியில் கணக்கு அறை. கொழும்பு, யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கண்டி என்று ஆறு ஊர்களில் அவர்களுக்கு விற்பனை முகவர்கள் இருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் ஊருக்கு ஒன்றாக ஆறு விற்பனைக் கோப்புகள் சேரும். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சேர்வரில், பேர்ள் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல் ஆறையும் கூட்டி ஒரே பக்க அறிக்கையாக அச்சடிக்கும். நிரலை எழுதியவர் வெளிநாடு போய்ப் பல வருடமாகிறது. பகுதி நேரமாக அதைப் பார்த்துக்கொள்வது நான், வெள்ளவத்தையிலிருந்து. கோப்புகளின் பெயர் வெறும் ஊர்ப் பெயர்தான், தமிழிலேயே, நீட்சி கூட இல்லாமல். அந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

மார்ச் மாத அறிக்கையில் நான்கு ஊர்களுக்குச் சரியான தொகை இருந்தது. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் பூச்சியம்.

நிரல் எந்தப் பிழையும் சொல்லவில்லை. அறிக்கை அழகாக அச்சாகி மேசைக்கு வந்தது. கொழும்பின் விற்பனை பூச்சியமாக இருக்க வழியே இல்லை என்று கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு உடனே விளங்கியது. இரண்டு பின்னேரம் இருந்து பில்களை எடுத்துக் கையால் கூட்டினார். திருகோணமலை விஷயம் அப்படி முடியவில்லை. முதலாளி அந்த முகவருக்கு கோல் எடுத்து, "கணக்கு ஏன் அனுப்பேல்ல?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டார். அவர் அனுப்பியிருந்தார். கோப்பும் சேர்வரில் இருந்தது. நிரலால் அதைத் திறக்க முடியவில்லை, அதை ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. ஒரு நேர்மையான மனிதர் இதனால் பேச்சு வாங்கினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பூச்சியம் எங்கிருந்து வந்தது

கோப்பைத் திறக்கும் வரியைப் பார்த்தேன். ஓப்பன் (திற) என்ற கட்டளை, கோப்பின் கைப்பிடி (திறந்த கோப்பை நிரல் பிடித்துக்கொள்ளும் பெயர்), கோப்பின் பெயர், அதற்குப் பின் 'இல்லாவிட்டால்' என்று பொருள்படும் இரண்டு நெடுங்கோடுகள், கடைசியில் டை (நிறுத்து) என்ற கட்டளை. மேலோட்டமாகப் பார்ப்பவர் "திற, முடியாவிட்டால் நிறுத்து" என்றுதான் அதை வாசிப்பார். பேர்ள் அப்படி வாசிப்பதில்லை. ஓப்பனுக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதினால் இரட்டை நெடுங்கோடு பக்கத்தில் இருக்கும் கோப்புப் பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது அந்த வரியின் பொருள் "கோப்பின் பெயர் வெறுமையாக இருந்தால் நிறுத்து" என்று ஆகிவிடும். பெயர் ஒருநாளும் வெறுமையாக இருக்கவில்லை. ஆகவே நிரலும் ஒருநாளும் நிற்கவில்லை. திறக்காத கைப்பிடியிலிருந்து வாசிக்கப் போனது, ஒரு வரியும் கிடைக்கவில்லை, கூட்டுத்தொகை பூச்சியம்.

இந்தப் பொறிக்கு மருந்து 1994இல் வந்த பேர்ள் 5இலேயே இருக்கிறது: நெடுங்கோடுகளுக்குப் பதிலாக 'ஓர்' (அல்லது) என்ற ஆங்கிலச் சொல். அது மிகத் தளர்வாக ஒட்டுவது, அதனால் ஓப்பன் முழுவதற்கும் சேர்ந்து பொருள் தரும். எச்சரிக்கைகளை இயக்கும் ஒற்றை வரி நிரலின் தலையில் இருந்திருந்தாலும், மூடிய கைப்பிடியிலிருந்து வாசிக்கிறாய் என்று பேர்ள் சத்தம் போட்டிருக்கும். அந்த வரியும் இல்லை.

சரி, 'ஓர்' போட்டுத் திருத்தினேன். ஓடவிட்டதும் நிரல் நின்றது. திரையில் ஒரே வரி:

"கோப்பைத் திறக்க முடியவில்லை."

ஆறு கோப்புகளில் எதை என்று இல்லை. ஏன் என்று இல்லை. நிரலின் எந்த வரியில் என்றுகூட இல்லை. டைக்குக் கொடுக்கும் செய்தி புதுவரிக் குறியோடு முடியாவிட்டால், நிரலின் பெயரையும் வரி எண்ணையும் பேர்ள் தானாகவே பின்னால் சேர்க்கும். முதலில் எழுதியவர் செய்தி அழகாக முடியட்டும் என்று கடைசியில் புதுவரிக் குறியைப் போட்டிருந்தார். இருந்த ஒரே தடயமும் அதோடு போயிற்று.

பொய் சொன்ன செய்தி

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் அடுத்த திருத்தத்தைச் செய்தார். கெட்டிக்காரப் பிள்ளை. கோப்பின் பெயரையும், சிஸ்டம் சொல்லும் காரணத்தையும் செய்தியில் சேர்த்தார். அந்தக் காரணம் பேர்ளில் டொலர் குறியும் ஆச்சரியக் குறியும் சேர்ந்த மாறியில் இருக்கும். எண்ணாகக் கேட்டால் எண்ணாகவும், சரமாகக் கேட்டால் ஆங்கில வாக்கியமாகவும் தரும் மாறி அது. இனி எல்லாம் விளங்கும் என்று நினைத்தோம். திரையில் வந்தது "இன்அப்ரோப்ரியட் ஐஆக்டில் ஃபோர் டிவைஸ்". இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை என்று அர்த்தம். எண் 25.

அரை நாள் போனது. சாதனம் என்று சொல்கிறதே, டிஸ்கில் கோளாறோ என்று பார்த்தோம். டிஸ்க் சேர்வரோடு சரியாக இணைந்திருக்கிறதா (மவுன்ட்) என்று பார்த்தோம். புறக்கோட்டைக் கட்டடங்களில் மின்சாரம் வந்து வந்து போவது வழக்கம் என்பதால் யூபிஎஸ் மேலும் சந்தேகம் போனது. டிஸ்க் நன்றாகவே இருந்தது.

தவறு செய்தியைத் தயாரித்த ஒழுங்கில் இருந்தது. ஓப்பன் தோற்றதும் தம்பியின் திருத்தம் முதலில் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதியது. அதற்குப் பிறகுதான் காரண மாறியை எடுத்து டைக்குக் கொடுத்தது. எர்நோ, அதாவது அந்தக் காரண எண் கிடக்கும் இடம், ஒரே ஒரு பெட்டி. ஒரு சிஸ்டம் கோல் (நிரல் இயங்குதளத்திடம் கேட்கும் ஒரு வேலை) தோற்றால் அதன் எண் அதில் விழும். அடுத்த கோல் வென்றால் பெட்டி துடைக்கப்படுவதில்லை, ஆனால் நடுவில் வேறு ஏதாவது தோற்றால் பழைய எண் அழிந்து புதியது ஏறிவிடும். பதிவுக் கோப்பைத் திறக்கும்போது, இது ஒரு டெர்மினலா (கட்டளைத் திரையா) என்று பேர்ள் உள்ளுக்குள் கேட்டுப் பார்க்கிறது. சாதாரணக் கோப்பு என்பதால் லினக்ஸின் உட்கருவான கர்னல் 25 என்று மறுக்கிறது. அது பிழையே இல்லை, உள்விவகாரம். ஆனால் பெட்டியில் கடைசியாக விழுந்தது அந்த 25. நாங்கள் அரை நாள் துரத்தியது பதிவுக் கோப்பின் காரணத்தை.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம். ஓப்பன் தோற்ற அடுத்த வரியிலேயே காரணத்தை வேறொரு மாறியில் பிரதி எடுத்துவிடுவோம். பதிவு, அறிவிப்பு, சுத்தம் செய்வது எல்லாம் அதற்குப் பிறகு. சீ மொழியிலும் இதே கதைதான். காரணத்தை அச்சிடும் பெரர்ரை அழைப்பதற்கு முன், நடுவில் வேறு எதையாவது அச்சிட பிரிண்ட்எஃப் போட்டவர்கள் இதே குழியில் விழுந்திருப்பார்கள்.

இருக்கிறது, ஆனால் இல்லை

ஒழுங்கைச் சரி செய்ததும் உண்மையான காரணம் வந்தது. எண் 2, "நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி". பெயர்: கொழும்பு.

அடைவை (ஃபோல்டரை) பட்டியல் போட்டால் கொழும்பு அங்கேயே இருக்கிறது. ஆறு கோப்பும் இருக்கின்றன. ஃபோல்டரைத் திறந்து காட்டினால் அக்காவுக்கும் தெரிகிறது. "தம்பி, இந்தா இருக்குது, கண்ணுக்கு முன்னால" என்றார்.

இந்த இடத்தில்தான் நல்ல பிழைச் செய்தியில் இன்னும் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் சரியாகக் கற்றேன். முதலில் பெயரை மேற்கோள் குறிக்குள் அச்சிட்டோம். பெயரின் வாலில் ஒரு இடைவெளியோ புதுவரியோ ஒட்டியிருந்தால் மேற்கோள் குறி காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலிலிருந்து வாசித்த பெயரைச் செதுக்க மறப்பது சாதாரணமாக நடப்பது. இங்கே வால் சுத்தமாக இருந்தது. அடுத்ததாக முழுப் பாதை. நிரல் நாம் நினைக்கும் அடைவில்தான் நிற்கிறதா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் எண் 2 கோப்பு இல்லாததற்கு மட்டும் வருவதில்லை, பாதையின் நடுவில் ஒரு அடைவு இல்லாவிட்டாலும் அதே எண்தான். பாதையும் சரி.

பிறகு தம்பி ஒன்றைக் கவனித்தார். டெர்மினலில் பெயரைத் தட்டச்சு செய்தால் கோப்பு இல்லை என்கிறது. பட்டியலிலிருந்து பெயரைக் கொப்பி எடுத்து ஒட்டினால் திறக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டின் நீளத்தையும் பைட்டில், அதாவது கணினி சேமிக்கும் சின்ன அலகில், எண்ணினோம். தட்டச்சு செய்தது 24. டிஸ்கில் இருப்பது 27. திருகோணமலை 30க்கு 33. மற்ற நான்கு ஊர்களிலும் வித்தியாசமே இல்லை.

மூன்று பைட் வித்தியாசம். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி சரியாக மூன்று பைட்.

கொம்பும் காலும்

பாலர் வகுப்பில் 'கொ' எழுதப் பழகியதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் இந்த எழுத்தைச் சேமிக்க இரண்டு வழி இருக்கிறது. க எழுதி அதன் பின் 3018 என்ற ஒற்றைக் குறி. கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறி அது. அல்லது க எழுதி, கொம்பைத் தனியே 3014 என்றும் காலைத் தனியே 3006 என்றும் வைப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. திரையில் இரண்டும் ஒரே 'கொ'. 'கோ', 'கௌ' வரிசைக்கும் இப்படித்தான்.

ஊர்ப் பெயர்களை மறுபடி பாருங்கள். கொழும்பில் கொ. திருகோணமலையில் கோ. யாழ்ப்பாணத்தில் கால் உண்டு, ஆனால் கொம்பு இல்லாத தனிக் கால். கண்டி, வவுனியா, மட்டக்களப்பு எதிலும் கொம்பும் காலும் சேர்ந்து வருவதில்லை. திருகோணமலையின் கடைசி லைக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. ஐகாரக் குறி பிரியாது. ஆறில் இரண்டு மட்டும் பூச்சியமானதன் காரணம் இவ்வளவுதான். முதல் நாளே செய்தியில் பெயர்கள் வந்திருந்தால், தமிழ் எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் அந்த இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்திருப்பார்.

அப்படியானால் டிஸ்கில் ஏன் பிரிந்து இருந்தது? பெப்ரவரி வரை கோப்புகள் விண்டோஸ் மடிக்கணினியிலிருந்து வந்தன. மார்ச்சில் அது பழுதாகிவிட்டது. பொதிகளுக்கு லேபல் வடிவமைக்கும் பழைய மாக் கணினி ஒன்று மாடியில் இருந்தது. அதிலிருந்து சேர்வருக்கு அனுப்ப, கோப்புகளைக் கணினிக்குக் கணினி கொப்பி பண்ணும் ஆர்சிங்க் கட்டளையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த மாக்கில் இருந்தது எச்எஃப்எஸ் பிளஸ், 1998இல் வந்த கோப்பு முறைமை. அது கோப்புப் பெயரைச் சேமிக்கும்போதே பிரித்துத்தான் சேமிக்கும். 2017இல் மாக்கின் ஹை சியரா பதிப்போடு வந்த புதிய கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. லினக்ஸுக்கு இந்தக் கவலையே கிடையாது. சாய்கோட்டையும் பூச்சிய பைட்டையும் தவிர எந்த பைட் வரிசையும் அதற்கு ஒரு பெயர், 24 பைட்டும் 27 பைட்டும் இரண்டு வேறு பெயர். மாக் பிரித்து அனுப்பியது, லினக்ஸ் அப்படியே வைத்துக்கொண்டது, நிரல் சேர்ந்த வடிவத்தைத் தேடியது.

ஆர்சிங்க் 3.0இலிருந்து பெயரை மாற்றித் தரும் ஐகான்வ் தெரிவு இருக்கிறது. மாக்கோடு வந்த பழைய 2.6.9 பதிப்பில் அது இல்லை. அதனால் வந்து சேரும் பக்கத்தில், பேர்ளோடேயே வரும் யூனிகோட் நோர்மலைஸ் தொகுதியால் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். பைட்டுகளை முதலில் எழுத்தாக விரித்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் மாறாது.

இப்போது எங்கள் நிரல் சொல்வது

அந்த மார்ச் கோப்புகளைப் பழைய நிலையிலேயே வைத்துப் புதிய நிரலை ஓடவிட்டால் வரும் செய்தி இது:

கொழும்பு விற்பனைக் கோப்பை வாசிக்கத் திறக்க முடியவில்லை. அறிக்கை தயாரிக்கப்படவில்லை.
கோப்பு: "/கணக்கு/மார்ச்/கொழும்பு" (பெயர் 24 பைட்)
காரணம்: அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை [2]
அடைவு இருக்கிறது, அதில் 6 கோப்புகள். பார்வைக்கு இதே பெயருள்ள ஒன்று 27 பைட்டில் உள்ளது.

முதல் வரி அக்காவுக்கு. என்ன நடந்தது, அறிக்கை வந்ததா இல்லையா என்பது அவருக்குப் போதும். "வாசிக்க" என்ற சொல் சும்மா போட்டதில்லை. ஒரே கோப்பு வாசிக்கத் திறந்து எழுதத் திறக்காமல் போகலாம், அப்போது தேட வேண்டிய இடம் வேறு. மற்ற வரிகள் எங்களுக்கு. காரணத்தைத் தமிழில் எழுதினாலும் எண்ணை விட மாட்டோம், ஏனென்றால் மொழிபெயர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும், லினக்ஸில் 2 எப்போதும் 2. சிஸ்டம் தந்த ஆங்கில வாக்கியம் பதிவுக் கோப்பில் அப்படியே போகிறது. முழுப் பாதையை அக்காவின் திரையில் காட்டலாம், அது அவர்களுடைய சேர்வர். வெளியாட்கள் பார்க்கும் வலைப்பக்கம் என்றால் பாதையைப் பதிவோடு நிறுத்திக்கொள்வேன்.

கடைசி வரி கொஞ்சம் மிகை என்று தம்பி சொன்னார். எனக்கு அது வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் இடத்தில் இந்தப் பிழை திரும்ப வரும், அடுத்த முறை அதைத் தேடப்போவது நானாக இல்லாமலும் இருக்கலாம்.

இதை முழுக்கக் கையால் எழுத வேண்டிய தேவை இல்லை. 2009இல் வந்த 5.10.1 முதல் ஓட்டோடை பேர்ளின் சொந்தத் தொகுதியாகவே கிடைக்கிறது. தலையில் ஒரு வரி போட்டால், தோற்ற ஒவ்வொரு ஓப்பனும் பெயர், வாசிக்கவா எழுதவா, காரணம், வரி எண் எல்லாவற்றோடும் நிற்கும். மற்றச் சின்ன நிரல்கள் எல்லாவற்றிலும் இப்போது அதைத்தான் போடுகிறோம். கூடவே, மூன்று உள்ளீடு (கைப்பிடி, வாசிக்கவா எழுதவா, பெயர்) கொடுக்கும் ஓப்பன். 2000இல் வந்த 5.6 முதல் இருக்கிறது. பழைய இரண்டு உள்ளீட்டு ஓப்பன் பெயரின் முன்பின் இடைவெளிகளைத் தின்றுவிடும், பெயரில் அம்புக் குறியோ குழாய்க் குறியோ இருந்தால் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அப்போது நாம் அச்சிடும் பெயரும் அது திறக்கப் பார்த்த பெயரும் வேறு வேறாகிவிடும்.

மற்ற மொழிகளில் பழகியவர்களுக்கு இதெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். பைதன் எண், காரணம், பெயர் மூன்றையும் விதிவிலக்கிலேயே (பிழை நடந்தால் எறியும் அறிவிப்பிலேயே) தருகிறது. அதை, எந்தப் பிழையையும் பிடிக்கும் ஒரு வெறும் எக்ஸெப்ட் போட்டுப் பிடித்து "ஏதோ பிழை" என்று அச்சிடுகிறவர்களை நான் இங்கேயே பார்த்திருக்கிறேன். கோ மொழியின் பிழையில் செயலும் பாதையும் காரணமும் சேர்ந்தே வரும். ரஸ்டின் அடிப்படைப் பிழையில் காரணமும் எண்ணும் உண்டு, பாதை இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும். ஜாவாவின் பழைய ஃபைல் இன்புட் ஸ்ட்ரீம், அனுமதி மறுக்கப்பட்டாலும் "ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்ற பெயரிலேயே விதிவிலக்கை எறியும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் காரணத்தை வாசிக்காதவர் இருக்கும் கோப்பைத் தேடி அலைவார்.

"திறக்க முன்னமே கோப்பு இருக்குதா என்று பார்த்தால் என்ன?" என்று முதலாளியின் மகன் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இருக்கிறது என்ற பதில் திறக்கும் என்ற உறுதியைத் தராது. அனுமதி இல்லாமல் இருக்கலாம், பார்த்ததற்கும் திறந்ததற்கும் நடுவில் யாராவது பெயரை மாற்றியிருக்கலாம். இல்லை என்ற பதிலும் நம்பத் தக்கதில்லை, ஏனென்றால் மேல் அடைவுக்குள் நுழைய அனுமதி இல்லாவிட்டாலும் அந்தச் சோதனை இல்லை என்றுதான் சொல்லும். திறந்து பார்த்து, தோற்றால் அந்தத் தோல்வியே தரும் காரணத்தைக் கேட்பதுதான் நேர் வழி.

சோதிக்கும்போது இன்னொன்றும் கண்டோம். லினக்ஸில் வழக்கமாக ஒரு கோப்புப் பெயருக்கு உச்சம் 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறிதான், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். முகவர் பெயர், ஊர், மாதம் எல்லாவற்றையும் தமிழில் சேர்த்து எழுதினால் அந்த எல்லை அவ்வளவு தூரத்தில் இல்லை. தாண்டினால் வரும் எண் 36, பெயர் மிக நீளம் என்று.

மே மாத முடிவில்

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்கா கோல் எடுத்தார். "தம்பி, மட்டக்களப்புக் கோப்பை வாசிக்கத் திறக்க ஏலாதாம். அனுமதி மறுக்கப்பட்டதாம், பக்கத்தில பதின்மூண்டு எண்டு கிடக்கு. அறிக்கை வரேல்ல எண்டும் போட்டிருக்கு."

இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல்நாள் தம்பி அந்த ஒரு கோப்பை நிர்வாகிக் கணக்கிலிருந்து கொப்பி பண்ணியிருந்தார், அதனால் அது ரூட்டின் பெயரில் கிடந்தது. வீட்டிலிருந்தே உரிமையை மாற்றிவிட்டு இன்னொருமுறை ஓடவிடச் சொன்னேன். ஆறு ஊரும் வந்தன.

"திருகோணமலை சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு. அவருக்கு முதலாளி போன மாசமே கதைச்சு மன்னிப்புக் கேட்டுட்டார்" என்றார்.